அட்டை போட்ட நாற்பது புத்தகம்

"என் பிள்ளைகளுக்குப் புத்தகமே பிடிக்க மாட்டேங்குது" என்றாள் தெய்வானை.

அன்னக்கொடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தனை பிள்ளைக?"

"இருபத்து மூணு."

"அதுல எத்தனை பேருக்குப் பிடிக்கல?"

"இருபத்து மூணு பேருக்கும்தான்."

"அம்புட்டுப் பேரும் ஒரே பேச்சா நிக்குதுகளா? கெட்டிக்காரப் பிள்ளைகளா இருக்குமே."

தெய்வானைக்குச் சுருக்கென்றது. ஆறுதல் தேடி வந்தவளுக்குக் கிடைத்தது இதுதான்.

தெய்வானைக்கு ஐம்பத்திரண்டு வயது. புளியங்கரைப் பால்வாடியில் இருபத்தாறு வருடமாக டீச்சர். அவள் விரலைப் பிடித்து நடந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளை அவளிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். ஊரில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்னக்கொடிக்கு முப்பத்தொன்று. மலையடியில் இருக்கும் சின்ன மடத்தின் சமையல் அவள் பொறுப்பு. மடத்துப் பிள்ளைக் கூடமும் அவள் பொறுப்பு. தெய்வானையின் மூத்த மகளே அவளைவிட ஒரு வயது பெரியவள். அப்படிப்பட்டவளிடம் போய் யோசனை கேட்பதா என்று தெய்வானை மூன்று வாரம் தன்னோடு மல்லுக்கு நின்றாள்.

ஆனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். அந்தக் கூடத்தில் மூணு வயதும் நாலு வயதுமான பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுகிறார்களாம். ஊஞ்சலுக்காக இல்லை, புத்தகத்துக்காக. பல பால்வாடி டீச்சர்கள் அங்கே போய்வந்திருந்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டால் ஒருத்திக்கும் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. நீயே போய்ப் பார் என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தாள். நாக்கு நுனியில் 'நீ' தான் வந்தது. கஷ்டப்பட்டு அதை 'நீங்க' ஆக்கினாள்.

அவளை அங்கே துரத்திக்கொண்டு வந்தது ஒரு கெடு.

ஆவணியில் ஓர் அறக்கட்டளையிலிருந்து வனஜா மேடம் என்பவர் வந்தார். இரண்டு பெட்டி நிறையக் குழந்தைகளுக்கான படப் புத்தகங்களை இறக்கினார். மொத்தம் நாற்பது. கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"தை மாசம் வந்து பாப்பேன் டீச்சர். பிள்ளைங்க தானா எடுத்துப் பாக்கிறாங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டுக் காத்திருக்கிற ஊர் இன்னும் இருக்கு."

அதட்டிச் சொல்லியிருந்தால் தெய்வானையும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். மெதுவாகச் சொன்னதுதான் தைத்தது.

புளியங்கரையில் பாதி வீடுகளில் சுவரில் தொங்கும் காலண்டரைத் தவிர வேறு அச்செழுத்து கிடையாது. இந்த நாற்பது போனால் இன்னொரு நாற்பது வராது. போனால் அது தன்னால் போனதாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்குவதில்லை.

இப்போது ஐப்பசி.

"நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க" என்றாள் அன்னக்கொடி.

தெய்வானை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவளுக்குப் பிடித்த கேள்வி.

தினமும் பதினொரு மணிக்குப் புத்தக பீரோவைத் திறப்பாள். பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கை கழுவிவிட்டு வந்து, சம்மணம் போட்டு, கையைக் கட்டி உட்கார வேண்டும். யார் கையும் எட்டாத உயரத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வாசிப்பாள். முடிந்ததும் மூன்று கேள்வி. கதையில் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது. சரியாகச் சொன்னால் கடலைமிட்டாய். சொல்லாவிட்டால் அதே கதை மறுபடி.

புத்தகங்களைக் கண்ணுங்கருத்துமாக வைத்திருப்பதையும் சொன்னாள். வந்த மறுநாளே காக்கித் தாள் வாங்கினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பது புத்தகத்துக்கும் மூலை மடித்து அட்டை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டி, புத்தகத்தின் பேரை மணிமணியான எழுத்தில் எழுதினாள். பார்ப்பவர்கள் அச்சடித்ததா என்று கேட்பார்கள்.

"இவ்வளவும் செஞ்சு, பீரோக் கதவு கிறீச்சுன்னாலே ஏழு பேருக்கு ஒண்ணுக்கு வந்துருது" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்னக்கொடி கீரைக் காம்பை ஓரமாக ஒதுக்கினாள்.

"புத்தகம் ஏதாவது கிழிஞ்சிருக்கா?"

"ஒரு கீறல் இல்ல." அழுகைக்கு நடுவிலும் தெய்வானையின் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது.

"ஐயோ பாவம்" என்றாள் அன்னக்கொடி.

யார் பாவம் என்று தெய்வானைக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அன்னக்கொடி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு தட்டில் நாலு குழிப்பணியாரம் கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. ஓரத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி.

காலையில் வெறும் காபியோடு கிளம்பியவள் தெய்வானை. ஒன்றை எடுத்து வாயில் போட்டாள்.

"இதுல என்னென்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

தெய்வானை மென்றுகொண்டே அரிசி, உளுந்து, வெங்காயம் என்றாள்.

"வெந்தயத்தை விட்டுட்டீங்க. பணியாரம் முதல்ல எந்தப் பக்கம் வெந்துச்சு?"

"அது... அடிப்பக்கம்."

"கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க. இந்தப் பணியாரத்துலேருந்து நமக்கு என்ன தெரியுது?"

தெய்வானைக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து நெஞ்சைத் தடவிக்கொண்டாள். மரியாதையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"ஏம்மா, மனுசியைச் சும்மா திங்க விட மாட்டியா?"

"விடலாமே" என்றாள் அன்னக்கொடி. அடுத்த கீரைக்கட்டை எடுத்துப் பிரித்தாள்.

முதல் பஸ்ஸில் தெய்வானை பொருமிக்கொண்டே போனாள். வயசுக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று.

இரண்டாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாதி வழியில் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அடக் கடவுளே" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்துச் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு தெய்வானை கதையை வாசித்து முடித்தாள். புத்தகத்தை மூடினாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

இருபத்து மூன்று பிள்ளைகளும் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். கேள்வி வரவில்லை.

செம்மலர் என்று ஒரு பிள்ளை. நாலு வயது முடியவில்லை. பீரோக் கதவு கிறீச்சென்றால் ஒண்ணுக்கு என்று முதலில் விரலைத் தூக்குகிறவள் அவள்தான். அவள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்" என்றாள் தெய்வானை.

"அப்பன்னா இன்னொருக்காச் சொல்லு."

இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு பிள்ளை தன்னிடம் கேட்டதாக தெய்வானைக்கு ஞாபகம் இல்லை. அன்று அதே கதையை மூன்று தடவை வாசித்தாள். தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷமாக இருந்தது.

கார்த்திகை வந்தபோது பதினொரு மணிக்கு யாருக்கும் ஒண்ணுக்கு வரவில்லை.

ஆனால் தை மாதம் வருகிறவர் பார்க்கப்போவது வேறு. பிள்ளைகள் தானாக எடுக்க வேண்டும். தெய்வானை பீரோவைக் காலையிலிருந்து திறந்தே வைத்தாள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று நூறு தடவை சொன்னாள். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள்.

பிள்ளைகள் விளையாட்டுக் கட்டைகளை எடுத்தார்கள். எடை பார்க்கும் தராசில் ஏறி ஆடினார்கள். பழைய சைக்கிள் டயருக்கு அடிதடியே நடந்தது. பீரோப் பக்கம் மட்டும் ஒரு பிள்ளை திரும்பவில்லை.

மார்கழியும் முடியப் போனது. தெய்வானை காலண்டரில் மிச்ச நாளை எண்ணினாள்.

அவள் மறுபடி மலையடிக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மடத்தில் குருபூஜை. பந்தி முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். அன்னக்கொடி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கதைக்கு வர்றாங்க. புத்தகத்துக்கு வர மாட்டேங்கிறாங்க" என்றாள் தெய்வானை. இந்தத் தடவை 'நீங்க' கஷ்டப்படாமலே வந்தது. "இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. என்ன செய்யணும்னு நீங்க வாயைத் திறந்து சொல்லிருங்க."

"கிழிஞ்சிருக்கா ஏதாவது?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஐயோ பாவம். சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. பஸ் தாமதமாகி, பந்தியைத் தவறவிட்டிருந்தாள்.

அன்னக்கொடி ஈரக் கையால் சமையல்கட்டின் மூலையைக் காட்டினாள். அங்கே ஏழு தூக்குவாளி வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றின் வாயிலும் வெள்ளைத் துணி இறுகக் கட்டியிருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த பக்தர்கள் அவர்கள் பக்கத்துப் பண்டங்களாகச் சமைத்து, வகைக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றாள்.

"உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கங்க. ஒண்ணு மட்டும். சும்மாச் சும்மா அவுத்துப் பாக்கக் கூடாது, கெட்டுப்போயிரும்."

தெய்வானை வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். குனிந்து மோந்து பார்த்தாள். எல்லாம் ஒரே மணமாக இருந்தது.

"எதுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பேர் எழுதி ஒட்டியிருக்கே."

ஒட்டித்தான் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு. சுத்தமான, மணிமணியான எழுத்து. தெலுங்கு.

"எனக்கு இந்த எழுத்துத் தெரியாதே."

"கத்துக்கிரலாம். கஷ்டமில்ல. ரெண்டு வருஷத்துல நல்லாவே படிச்சிருவீங்க."

"அதுவரைக்கும் நான் பட்டினி கெடக்கவா?"

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

தெய்வானை சீட்டுகளைப் பார்த்தாள். ஏழு வாளிகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். பசி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல்கூட வாசலை நோக்கி நடந்தாள்.

"டீச்சரம்மா, சாப்பாடு" என்று அன்னக்கொடி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

தெய்வானை காதில் அது விழவில்லை.

பஸ் விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே பால்வாடிக்குப் போனாள். வெயில் இன்னும் தாழவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போய் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

நாற்பது புத்தகம். நாற்பதும் காக்கி. நாற்பது லேபிள்.

உட்கார்ந்தால் ஒரு நாலு வயதுப் பிள்ளையின் உயரம்தான் வருகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அவளுக்கு எழுத்துத் தெரியும். அதனால்தான் இத்தனை மாதமாக இது கண்ணில் படவில்லை.

முதல் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். அட்டையின் மடித்த மூலையைத் தடவிப் பார்த்தாள்.

அவள் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் வருடா வருடம் பள்ளிக்கூடம் திறக்கும்போது மகள் புத்தகங்களுக்கு அவர்தான் அட்டை போடுவார். மைதாவில் பசை காய்ச்சி, அந்த முரட்டு விரலால் மூலை மடிப்பார். யாரையும் தொட விட மாட்டார். புத்தகத்தின் மேல் பிரியம் என்றால் அதற்கு அட்டை போடுவது என்றுதான் தெய்வானைக்குத் தெரியும். வேறு விதமாகப் பிரியம் வைக்க அவளுக்கு யாரும் காட்டித் தரவில்லை.

"மன்னிச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு உரித்தாள்.

உள்ளே ஒரு யானை குடை பிடித்துக்கொண்டு நின்றது. அடுத்ததில் சிவப்பு பஸ். அடுத்ததில் ஒரு தவளை, வாயெல்லாம் பல். அடுத்ததில் ஓர் ஆட்டுக்குட்டி, வாயில் யாருடைய சட்டையோ. தெய்வானை சிரித்துவிட்டாள். அட்டை போடும்போது இதையெல்லாம் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஒன்றுகூட நினைவில் இல்லை.

நாற்பதையும் உரித்து முடித்தாள். காக்கித் தாள்களைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. நீவி மடித்து பீரோவின் அடியில் தள்ளினாள். பாயை விரித்து, புத்தகங்களைப் படம் மேலே தெரியும்படி பரப்பி வைத்தாள்.

மறுநாள் செம்மலர் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். இன்னொன்று காலிலேயே இருந்தது.

"எங்க ஆடு" என்றாள்.

அவர்கள் வீட்டில் ஆடு உண்டு. நேரே போய் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். கை கழுவவில்லை. தெய்வானை கழுவச் சொல்லவும் இல்லை. செம்மலர் சுவரோரம் உட்கார்ந்து அதை விரித்தாள். தலைகீழாக விரித்தாள்.

தெய்வானையின் கை தானாக நீண்டது. பாதியில் பணியாரம் ஞாபகம் வந்தது. கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆடு வந்துச்சாம்" என்று செம்மலர் சத்தமாக ஆரம்பித்தாள். "அய்யா சட்டையத் தின்னுச்சாம். எங்கம்மா வைஞ்சிச்சாம். ஆடு சிரிச்சிச்சாம்."

தவளையை ஒருத்தன் எடுத்தான். பஸ்ஸுக்கு இரண்டு பேர் போட்டி. மத்தியானத்துக்குள் பாயில் ஒரு புத்தகம் மிச்சமில்லை. சந்தைக்கடை இரைச்சல். முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த தெய்வானை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு பழக்கத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. தினமும் பிள்ளைகள் போன பிறகு நாற்பதையும் ஈரத்துணியால் துடைத்து, பீரோவில் அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

வனஜா மேடம் பொங்கல் கழிந்து, ஒரு புதன்கிழமை, சொல்லாமல் வந்தார்.

அன்று காலையில்தான் அது நடந்தது. ஆட்டுப் புத்தகத்தைச் செம்மலர் ஒரு பக்கமும் இன்னொரு பிள்ளை மறுபக்கமும் பிடித்து இழுத்ததில், புத்தகம் இரண்டாகப் போய்விட்டது. ஆட்டின் தலை ஒரு பாதியில், உடம்பு மறுபாதியில். செம்மலர் அழுது அழுது தூங்கிவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மற்றவர்களும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

தெய்வானை அவசரமாக எழுந்தாள். கொடுத்த புத்தகத்தைக் கிழித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்த அம்மா என்ன நினைப்பார்? கிழிந்ததை எடுத்து பீரோவுக்கு அடியில், காக்கித் தாள்களுக்குள் செருகினாள். பாயில் கிடந்த மற்றதையெல்லாம் வாரி அடுக்கினாள். மேடம் செருப்பைக் கழற்றுவதற்குள் பீரோ பழைய பீரோவாகிவிட்டது.

வனஜா மேடம் ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டும் பளபளவென்று இருந்தன.

"நல்லா வச்சிருக்கீங்க டீச்சர்" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

பிள்ளைகள் தினமும் எடுக்கிறார்கள் என்று தெய்வானை சொன்னாள். சண்டை போட்டு எடுக்கிறார்கள் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பொய் மாதிரிக் கேட்டது. தூங்குகிற பிள்ளைகளையும் அடுக்கிய புத்தகங்களையும் வைத்துக்கொண்டு வேறு எதைக் காட்டுவது?

"எல்லா ஊர்லயும் டீச்சருங்க அப்படித்தான் சொல்றாங்க" என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். டிரைவரைக் கூப்பிட்டு, வேனில் இருக்கும் காலிப் பெட்டி இரண்டையும் எடுத்து வரச் சொன்னார்.



பேச்சுச் சத்தத்தில் செம்மலர் முழித்துக்கொண்டாள். முடி ஒரு பக்கமாகக் கலைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் எழுந்து, நேரே பீரோவுக்குப் போனாள்.

"ஆடு எங்க?"

ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட ஆரம்பித்தாள். இது யானை, இது பஸ்ஸு, இது பல்லுத் தவளை என்று பேரைச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். நாற்பதில் முப்பத்தொன்பதும் தரைக்கு வந்துவிட்டன. ஆட்டைக் காணோம். திரும்பி, அந்தப் புதுமுகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எடுத்தியா?"

வனஜா மேடம் இல்லையென்று தலையாட்டினார்.

செம்மலரின் உதடு பிதுங்கியது. தெய்வானைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குனிந்து பீரோவின் அடியில் கையை விட்டு, காக்கித் தாளுக்குள்ளிருந்து இரண்டு துண்டையும் எடுத்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவளாக அதை நீட்டினாள்.

செம்மலர் வாங்கித் தரையில் வைத்தாள். தலையை நகர்த்தி உடம்போடு சேர்த்தாள்.

"ஆடு ரெண்டாப் போச்சாம்" என்றாள். "டீச்சர் ஒளிச்சு வச்சிச்சாம். ஆடு உள்ளருந்து மேமேன்னுச்சாம். நான் கண்டுபிடிச்சிட்டனாம்."

பக்கத்துப் பாயில் இன்னொரு தலை நிமிர்ந்தது. பிறகு ஒன்று. என் பஸ் எங்கே என்று ஒரு குரல். ஐந்து நிமிடத்தில் தரை முழுக்கப் பிள்ளைகளும் புத்தகங்களுமாக இருந்தது. யானையை வைத்திருந்த பிள்ளை வனஜா மேடத்தின் மடியில் உரிமையோடு உட்கார்ந்து, அவர் கையில் புத்தகத்தைத் திணித்தது.

டிரைவர் இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"வேண்டாம்ணே" என்றார் மேடம், நிமிராமல். "வண்டியிலயே வச்சிருங்க."

தெய்வானை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆவணியிலிருந்து நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. எதையும் அவள் மறைக்கவில்லை.

கிளம்பும்போது மேடம் ஒன்றே ஒன்று கேட்டார். அதை ஏன் ஒளித்து வைத்தீர்கள் என்று. தெய்வானை அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெய்வானை மலையடிக்குப் போனாள். இந்த முறை இரண்டு பஸ்ஸும் சீக்கிரமே வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

அன்னக்கொடி சமையல்கட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கை மொச்சையை எடுத்து உரித்தாள். புத்தகங்கள் எங்கும் போகவில்லை என்றாள். வனஜா மேடம் வந்து போனதையும், பெட்டிகள் வாசலோடு திரும்பியதையும் சொன்னாள். அன்னக்கொடி கேட்டுக்கொண்டே உரித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"புத்தகம் ஏதாவது கிழிஞ்சிருக்கா?"

தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். செம்மலரிடம் திங்கட்கிழமை காலையில் கட்டாயம் கொண்டுவந்துவிடுவேன் என்று சத்தியம் செய்து வாங்கி வந்தது அது. மூலைகள் மடங்கியிருந்தன. ஒரு பக்கத்தில் காய்ந்த பருக்கை ஒட்டியிருந்தது. ஆட்டின் கழுத்தில், மைதாப் பசை வைத்து ஒட்டிய ஒரு காக்கித் தாள் பட்டை.

"ஒண்ணு" என்றாள்.

அன்னக்கொடியின் கை நின்றது.

"அப்பாடா" என்றாள்.